ஒரு நாள் கோச் டிரிப்: ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் மணியைக் கணக்குப் போடுங்கள்

அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து இங்கிலாந்துக்கு வந்திருந்த முதல் கோடையில், லெஸ்டரிலிருந்து ஸ்கார்பரோவுக்கு ஒரு நாள் கோச் டிரிப் போட்டேன் (கோச் என்றால் தூரப் பயணத்துக்கான பேருந்து). கடல், மலை மேல் கோட்டை, துறைமுகம் என்று படம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. காலை 7.30 மணிக்கு ஏறினோம், நாலு ஊரில் ஆள் ஏற்றினார்கள், வழியில் சர்வீஸஸில் (நெடுஞ்சாலையோரம் கடையும் கழிப்பறையும் உள்ள நிறுத்தம்) அரை மணி நேரம் நின்றது, போய்ச் சேரும்போது 11.45. மாலை 4.15-க்குக் கிளம்பி வீட்டுக்குப் பக்கத்தில் இறங்கும்போது இரவு 8.15. சீட்டில் எட்டேகால் மணி நேரம், ஊரில் நாலரை மணி நேரம். அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது, அம்மா கோட்டையைக் கீழே நின்றே பார்த்தார். தப்பு கோச் நிறுவனத்துடையது இல்லை, அவர்கள் சொன்ன நேரத்தைச் சரியாகக் காப்பாற்றினார்கள். எனக்குத்தான் எதைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று தெரியவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் மூன்று நாலு தடவை போய்க்கொண்டிருக்கிறோம், இப்போது அம்மாவே அடுத்து எங்கே என்று கேட்கிறார். கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன், பெற்றோர் வரும்போதும் சின்னக் குழந்தைகளோடு கார் ஓட்டிக் களைக்க மனமில்லாதபோதும் உதவும்.

முதலில் ஒன்று. நான் சொல்வது நேஷனல் எக்ஸ்பிரஸ், ஃபிளிக்ஸ்பஸ் மாதிரி தினமும் ஊர் ஊராக ஓடும் கோச் இல்லை. அந்தந்த ஊரில் இருக்கும் சின்ன கோச் நிறுவனங்கள் கோடையில் நடத்தும் சுற்றுலாக்கள். உங்கள் ஊர்ப் பெயரோடு 'கோச் டே டிரிப்ஸ்' என்று தேடினால் இரண்டு மூன்றாவது கிடைக்கும், நூலகத்திலும் அவர்களுடைய சின்னப் புத்தகம் வைத்திருப்பார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, ஊரின் நடுவில் இறக்கிவிட்டு, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பெரும்பாலும் வெறும் பயணம்தான், ஊருக்குள் போனபின் வழிகாட்டி யாரும் வரமாட்டார். சில டிரிப்பில் படகுச் சவாரியோ கோட்டை நுழைவோ சேர்ந்திருக்கும், விலை அதற்கேற்ப ஏறும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஊர்ப் பெயரைப் பார்க்கும் முன் இரண்டு நேரத்தைக் கேளுங்கள்: அங்கே எத்தனை மணிக்கு இறக்குவீர்கள், அங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள். இந்த இரண்டும் விளம்பரத்தில் இல்லாவிட்டால் போன் செய்து கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் ஏறும் நேரத்தை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். நான் வைத்திருக்கும் அளவு எளிது. சீட்டில் இருக்கும் மொத்த நேரத்தைவிட ஊரில் இருக்கும் நேரம் குறைவாக இருந்தால் அந்த டிரிப் வேண்டாம். வயதானவர்கள் கூட வந்தால் ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம்தான் எல்லை.

கார் ஓடும் நேரத்தை வரைபடத்தில் பார்த்துவிட்டு அதையே நம்பவும் கூடாது. கோச்சில் மணிக்கு 62 மைலுக்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும், மூன்று லேன் உள்ள மோட்டார்வேயில் வலது ஓர லேனில் பெரிய கோச் போகக்கூடாது என்பது சட்டம். அதனால் காரில் இரண்டு மணி நேரம் என்றால் கோச்சில் இரண்டரை, அதோடு ஆள் ஏற்றும் நேரம். இந்த ஏற்றும் நேரத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. முதல் நிறுத்தத்துக்கும் கடைசி நிறுத்தத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரம் வரை போய்விடும். காரில் போய் ஏறக்கூடியவர்கள் நிறுத்தங்களின் பட்டியலைக் கேட்டு, போகும் திசையில் கடைசியாக இருக்கும் நிறுத்தத்தில், பக்கத்தில் நாள் முழுக்க வண்டி நிறுத்த இடம் இருந்தால், ஏறிக்கொள்ளுங்கள். எங்களுக்கு இது காலையில் முக்கால் மணி நேரத் தூக்கத்தைத் திருப்பித் தந்தது.

டிரைவர் ஏன் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க மாட்டேன் என்கிறார் என்று சிலர் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு மணிக்கணக்குச் சட்டம் இருக்கிறது. தொடர்ந்து நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும், ஒரு நாளில் ஓட்டும் நேரம் பொதுவாக 9 மணி, வேலை முடிந்தபின் 11 மணி நேரம் ஓய்வு. நாம் ஏறுவதற்கு முன்பே வண்டியைச் சோதித்து எடுத்துவரும்போதே அவருடைய வேலை நாள் தொடங்கிவிடுகிறது. நீங்கள் ஐஸ்கிரீம் வரிசையில் நிற்கும் இருபது நிமிடம் அவருடைய கணக்கில்தான் போய் விழும், வழியில் நெரிசலும் சேர்ந்தால் தாண்டக்கூடாத இடத்துக்குப் போய்விடும். அதனால் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். வராதவரை விட்டுவிட்டுப் போக அவருக்கு உரிமை உண்டு, ரயில் பிடித்து வரும் செலவு உங்களுடையது.

இப்போது ஊர்கள். மார்க்கெட் டவுன் என்று இங்கே சொல்வது சந்தை கூடும் சிற்றூர்களை. இதில் கிழமைதான் எல்லாம். இடைக்காலத்தில் அரசர் கொடுத்த சாசனத்தின்படி சந்தை கூடிய ஊர்கள் இவை, சாலிஸ்பரிக்கு 1227-ல் சாசனம் கிடைத்தது, இன்றும் அங்கே செவ்வாயும் சனியும் சந்தை. ஸ்கிப்டனில் திங்கள், புதன், வெள்ளி, சனி. மோர்டன்-இன்-மார்ஷில் செவ்வாய் மட்டும். பேக்வெல்லில் திங்கள், பரி செயின்ட் எட்மண்ட்ஸில் புதனும் சனியும். நல்ல நிறுவனம் சந்தை நாளாகப் பார்த்துத்தான் டிரிப் வைக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை 'அழகான மார்க்கெட் டவுன்' என்று போட்டிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள், சந்தையே இருக்காது, பாதிக் கடை மூடியிருக்கும், பெரிய கடைகளும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். கோச் இறங்கியதும் முதலில் சந்தைக்குப் போங்கள். தேநீர் குடித்துவிட்டு நிதானமாகப் போகலாம் என்று இருந்தால், மூன்று மணிக்கெல்லாம் வியாபாரிகள் கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சிற்றூரில் ஐந்து மணி நேரம் கொஞ்சம் அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன். சந்தையும் தேவாலயமும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் கூடவே இன்னொன்று இருக்கும் ஊராகப் பாருங்கள். ஸ்கிப்டனில் கோட்டையும் லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயில் படகும் உண்டு, லுட்லோவில் கோட்டை, பரி செயின்ட் எட்மண்ட்ஸில் பழைய மடத்தின் இடிபாடுகளுக்கு நடுவே காசில்லாமல் நுழையக்கூடிய பெரிய தோட்டம். எங்கள் வீட்டில் அந்தத் தோட்டம்தான் வென்றது. அம்மா ரோஜாக்களுக்கு நடுவே உட்கார்ந்து கொண்டுபோன தயிர் சாதத்தைச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் எழவே இல்லை.

பெரிய நகரத்தில் பிரச்சினை நேர்மாறு, நேரம் போதாது. யார்க்கில் ஒரே நாளில் மின்ஸ்டர் என்ற பெரிய தேவாலயம், ஜோர்விக் என்ற வைக்கிங் காலக் காட்சியகம், நகர மதில் நடை, ரயில் அருங்காட்சியகம் எல்லாம் பார்க்கலாம் என்று பட்டியல் போட்டால் எதையும் பார்த்ததாக இருக்காது. காசு கொடுத்துப் பார்ப்பது ஒன்று, காசில்லாமல் பார்ப்பது ஒன்று, அவ்வளவுதான். யார்க் என்றால் மின்ஸ்டருக்கு டிக்கெட், பிறகு தேசிய ரயில் அருங்காட்சியகம், அங்கே நுழைவு இலவசம். மதில் மேல் நடப்பதும் இலவசம்தான், ஆனால் சில இடங்களில் ஒரு பக்கம் கைப்பிடியே இல்லை, பாதை குறுகல், தலைசுற்றல் உள்ளவரைக் கூட்டிப்போகாதீர்கள். லிங்கனில் கதீட்ரலுக்கு ஏறும் தெருவின் பெயரே ஸ்டீப் ஹில், முட்டி வலி உள்ளவருக்கு அந்தப் பெயரே போதுமான எச்சரிக்கை. ஞாயிறு காலை கதீட்ரல்களில் வழிபாடு நடக்கும், சுற்றிப்பார்க்க வருபவர்களைப் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். பாத் நகரத்து ரோமன் குளியல் மாதிரி நேரம் குறித்து டிக்கெட் வாங்கும் இடமென்றால், கோச் போய்ச் சேரும் என்று சொன்ன நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி எடுங்கள். அதுவும் கோச் நிறுவனம் டிரிப் உறுதி என்று சொன்னபின் எடுங்கள், ஆள் சேராவிட்டால் ரத்து செய்துவிடுவார்கள்.

கடற்கரைதான் நான் அதிகம் சொல்ல நினைப்பது. மெரினாவையோ திருச்செந்தூரையோ மனதில் வைத்துக்கொண்டு இங்குள்ள கடலைப் பார்க்க வேண்டாம். இங்கே கடல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வெஸ்டன்-சூப்பர்-மேர் இருக்கும் பிரிஸ்டல் சானல் கடற்பகுதியில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் உலகிலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று, நீர் வற்றும்போது கடல் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும், நடுவில் இருப்பது மணல் இல்லை, கால் புதையும் சேறு. சவுத்போர்ட்டிலும் கடலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதனால் போகும் நாளின் கடல் ஏற்ற இறக்க நேர அட்டவணையைப் பாருங்கள், நீங்கள் அங்கே இருக்கும் 11 மணியிலிருந்து 4 மணிக்குள் ஏற்றமா இறக்கமா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் பன்னிரண்டரை மணி நேரம் போல, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் இன்னும் அதிகம், நம் நாட்காட்டியைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இதை நான் வெறும் வசதிக்காகச் சொல்லவில்லை. 2016 ஆகஸ்டில் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்கு லண்டனிலிருந்து ஒரு நாள் போன ஐந்து தமிழ் இளைஞர்கள் திரும்பி வரவில்லை. பரந்த மணல், ஆழமில்லாத தண்ணீர், பார்த்தால் எந்தப் பயமும் தோன்றாத இடம். அப்படிப்பட்ட கரையில் தூரத்து மணல் திட்டில் நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே கரைக்கும் உங்களுக்கும் நடுவில் தண்ணீர் ஏறிவிடும். அன்று அங்கே உயிர்காப்பாளர்கள் இல்லை, அதன்பிறகுதான் வைத்தார்கள். எனவே பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையாகப் பாருங்கள், சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள், முழுச் சிவப்புக் கொடி என்றால் யாரும் இறங்கக் கூடாது. தண்ணீரில் யாராவது தத்தளித்தால் பின்னால் குதிக்காமல் 999 அழைத்து கோஸ்ட்கார்டை (கடலோர மீட்புப் படை) கேளுங்கள். நீங்களே மாட்டிக்கொண்டால் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள், நீச்சலடித்துக் களைக்காதீர்கள்.

கரை எப்படிப்பட்டது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். பிரைட்டன் முழுக்கக் கூழாங்கல், குழந்தை மணல் வீடு கட்டக் கேட்டால் அழுகைதான். போர்ன்மத்தும் ஸ்கெக்னெஸும் நல்ல மணல். வயதானவர்களுக்கு என்னுடைய முதல் தேர்வு வேல்ஸில் உள்ள லான்டட்னோ. மேடு பள்ளமில்லாத நீண்ட கடலோர நடைபாதை, வழியெல்லாம் பெஞ்சு, நடக்க முடியாவிட்டால் கிரேட் ஓர்ம் மலைக்கு 1902-லிருந்து ஓடும் டிராம். விட்பி இதற்கு எதிர், மேலே உள்ள மடத்துக்கு 199 படி. ஏற முடிந்தவர்கள் ஏறுங்கள், அந்தக் காட்சிக்கு ஈடு இல்லை, ஆனால் ஏற முடியாதவரைக் கீழே தனியாக விட்டுவிட்டுப் போவதுபோல் ஆகிவிடக் கூடாது.

வானிலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கிழக்குக் கரையில் உள்நாடு 28 டிகிரி வெயிலில் காயும் நாளில்தான் கடல்மூட்டம் வந்து கரையை மூடும், உள்ளூரில் 'ஃப்ரெட்' என்பார்கள். லெஸ்டரில் அரைக்கைச் சட்டையோடு ஏறிக் கடற்கரையில் நடுங்கியிருக்கிறோம். எந்த வானிலைக்கும் கோச் போகும், மழை என்று பணம் திரும்பாது. ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், காற்றைத் தாங்கும் மழைக் கோட்டு. குடை கடற்காற்றில் நிற்காது.

சீட் தேர்வுக்கு வருவோம், பதிவு செய்யும்போதே எண் கொடுத்துவிடுவார்கள் என்பதால் அப்போதே கேட்டால்தான் உண்டு. குமட்டல் வருபவருக்கு முன்பாதி, பின்சக்கரத்துக்குப் பின்னால் ஆட்டமும் எஞ்சின் சத்தமும் அதிகம். வெயிலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தெற்கு நோக்கிப் போகும் டிரிப்பில் காலையில் வெயில் இடப்பக்கம் விழும், மாலையில் வடக்கே திரும்பும்போது மேற்கு வெயிலும் இடப்பக்கம்தான், அதனால் இரண்டு வழியும் வலப்பக்கம் நிழல். வடக்கு நோக்கிப் போனால் இரண்டு வழியும் இடப்பக்கம் நிழல். கிழக்கே போனால் காலையிலும் மாலையிலும் முன் கண்ணாடியில் வெயில், அந்த நாளில் முதல் வரிசை வேண்டாம். கோச்சில் கழிப்பறை இருந்தாலும், குறுகலான படி இறங்கி ஆட்டத்தில் போவது பெரியவர்களுக்குக் கஷ்டம், சர்வீஸஸில் நிற்கும்போதே போய்வரச் சொல்லுங்கள். சீட் பெல்ட் இருந்தால் 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர் போட்டே ஆக வேண்டும், சிறியவர்களுக்கும் நீங்கள் போட்டுவிடுங்கள்.

ஏறும் முதல் படி உயரம் என்று தயங்க வேண்டாம், பல கோச்சுகளில் முன்பக்கத்தைத் தாழ்த்தும் வசதி உண்டு, டிரைவரிடம் கேட்டால் இறக்கித் தருவார். மடக்கும் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் கீழே சாமான் அறையில் போகும். நாற்காலியோடே ஏற வேண்டும் என்றால் லிஃப்ட் உள்ள வண்டி வேண்டும், முன்கூட்டியே சொல்லி எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

சாப்பாடு. கோச்சுக்குள் சூடான உணவு பெரும்பாலும் கூடாது, கட்டிக் கொண்டுபோனதை இறங்கியபின் பிரியுங்கள். கடலோரத்தில் பிரிக்கும்போது கடற்பறவைகளைக் கவனியுங்கள், கையிலிருந்தே பிடுங்கும். சைவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: யார்க்ஷயர் பக்கம் பல கடைகளில் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். மீன் வேண்டாம், வெறும் சிப்ஸ் போதும் என்று வாங்கினாலும் அதே எண்ணெய்தான். காய்கறி எண்ணெயா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், கேட்பதில் தவறே இல்லை. பப்பில் சாப்பிடுவதாக இருந்தால் இரண்டு மணிக்குள் போய்விடுங்கள், பல இடங்களில் அதற்கு மேல் அடுப்பு அணைந்துவிடும்.

பணத்தில் இரண்டு விஷயம். 24 மணி நேரத்துக்குள் முடிந்து, இரவு தங்கல் இல்லாத டிரிப் என்பதால் பேக்கேஜ் சுற்றுலாவுக்கான 2018 சட்டப் பாதுகாப்பு இதற்குக் கிடையாது, இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணமில்லாமல் ரத்து செய்யலாம் என்பதும் இதற்குப் பொருந்தாது. அந்த நிறுவனத்தின் நிபந்தனையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான், எத்தனை நாள் முன்பு சொன்னால் எவ்வளவு திரும்ப வரும் என்று படித்துவிட்டுக் கட்டுங்கள். இன்னொன்று, இங்கிலாந்தின் மூத்தோர் இலவச பஸ் பாஸ் கோச் டிரிப்பில் செல்லாது, ஆனால் இறங்கிய ஊரின் உள்ளூர் பஸ்ஸில், வார நாளில் காலை 9.30-க்கு மேல், இங்கிலாந்து முழுக்கச் செல்லும். வேல்ஸில் செல்லாது. லான்டட்னோ போகும்போது சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் சுருக்கமாக: பள்ளி விடுமுறை தொடங்கும் ஜூலை கடைசிக்கு முன், வார நடுவில். ஆகஸ்ட் கடைசித் திங்கள் பொது விடுமுறை, அன்று கடற்கரைப் பக்கமே வேண்டாம். தென்மேற்கு போகும் எம்5 மோட்டார்வே கோடைச் சனிக்கிழமைகளில் ஊர்ந்துதான் நகரும்.

இறங்கும்போது செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கோச் உங்களை இறக்கிவிட்டுத் தூரத்தில் போய் நின்றுகொள்ளும், நடுவில் போய்ப் பையை எடுக்க முடியாது, மாத்திரையும் கோட்டும் கையில் இருக்கட்டும். மாலையில் ஏற்றும் இடம் இறக்கிய இடமாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள், டிரைவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். வண்டியின் எண்ணையும் ஏறும் இடத்தையும் போனில் படம் எடுத்து, கூட வந்த பெரியவர்களின் போனுக்கும் அனுப்புங்கள், அவர்கள் பையில் ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இடமும் நேரமும் எழுதிவையுங்கள். ஒரு முறை வரிசையாகப் பதினைந்து வெள்ளைக் கோச் நின்றது, அப்பா தானே படத்தைப் பார்த்து எண்ணைப் படித்து எங்களுக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது டிரைவருக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு கொடுப்பது வழக்கம், கட்டாயம் இல்லை. நெரிசலில் ஒரு மணி நேரம் தாமதமாகலாம், அதனால் கடைசி பஸ்ஸை நம்பி இருக்காமல் நிறுத்தத்திலிருந்து வீடு போக வழி வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஸ்கில் பாதி காபியைத் திரும்பும் வழிக்கு மிச்சம் வையுங்கள், சர்வீஸஸில் நிற்கும் அந்த இருபது நிமிடத்தில் காபிக் கடை வரிசை முடிவதற்குள் வண்டி கிளம்பிவிடும்.